சமன்பாட்டை மாற்றி எழுத எந்த மென்பொருள்? மேக்ஸிமா, சிம்பை, ஜியோஜீப்ரா, வோல்ஃப்ராம் ஓர் ஒப்பீடு

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் பாலிடெக்னிக், மீதிப் பேர் இன்ஜினியரிங், சிலர் மணலியில் அப்ரண்டிஸ். இறுதி ஆண்டு புராஜெக்ட் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, இந்த ஃபார்முலாவுல இருந்து இதை மட்டும் தனியா எடுக்கணும், கையில போட்டா மூணு பக்கம் போகுது, எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" ஒருவர் யூடியூபில் மேட்லாப் பார்த்திருப்பார், இன்னொருவருக்கு சீனியர் மேத்தமேட்டிகா என்று சொல்லியிருப்பார், வேறொருவர் போனில் படம் எடுத்தால் விடை சொல்லும் செயலியோடு வந்து நிற்பார். இதெல்லாம் ஒரே வேலையைச் செய்கிறவை இல்லை என்பதால், எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். எது பெரிய மென்பொருள் என்று பார்த்து எடுக்காதீர்கள். விடை தரும்போது எதையெல்லாம் தானாக வைத்துக்கொண்டது, எதையெல்லாம் விட்டுவிட்டது என்று உங்களுக்குத் தெரியவருகிற மென்பொருளாகப் பார்த்து எடுங்கள். தப்பான விடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உங்களுக்கு வேண்டியது எண்ணா, சூத்திரமா? எண் மட்டும் போதும் என்றால், எழுத்துகளை வைத்தே சமன்பாட்டை மாற்றித் தரும் இயற்கணித மென்பொருளே தேவையில்லை. எக்செலில், வேண்டிய விடைக்கு ஏற்ற மதிப்பைத் தேடித் தரும் கோல் சீக் இருக்கிறது. பையில் இருக்கும் கேசியோ 991 ஈஎஸ் கால்குலேட்டரில் சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வ் இருக்கிறது. அது நீங்கள் கொடுக்கும் தொடக்க மதிப்பிலிருந்து நியூட்டன் முறையில் நகர்ந்து ஒரு விடையைப் பிடிக்கும். மூன்று விடைகள் இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்லும், எது என்பது தொடக்க மதிப்பைப் பொறுத்தது. சூத்திரமே வேண்டும் என்கிற நிலைமை வேறு. ஒரே கணக்கை ஐம்பது மதிப்புகளுக்குப் போட வேண்டும், அல்லது எதைக் கூட்டினால் எது குறையும் என்று பார்க்க வேண்டும், அல்லது சுத்திகரிப்பு ஆலைக்குள் தீப்பொறி பயத்தால் போன் கொண்டுபோக முடியாது, அதனால் மாற்றி எழுதிய சூத்திரத்தைத் தாளில் எடுத்துப்போய் கால்குலேட்டரில் தட்ட வேண்டும். அப்போதுதான் இந்த மென்பொருள்களுக்கு வேலை வருகிறது.

அடுத்தது அனுமானம், அதாவது விடை தரும்போது மென்பொருள் தானாக வைத்துக்கொள்வது என்று நான் மேலே சொன்னது. அப்புறம், எதில் ஓடும்: பழைய லேப்டாப், அக்காவோடு பங்குபோடும் லேப்டாப், வெறும் போன், நெட் இருக்கும்போது மட்டும், இல்லாதபோதும். பிறகு செலவு. இதில் விலை மட்டும் கணக்கில்லை, கற்றுக்கொள்ளும் நேரமும் செலவுதான், கல்லூரி முடிந்ததும் கையைவிட்டுப் போய்விடுகிற உரிமமும் செலவுதான். கடைசியாக, கிடைத்த சூத்திரத்தை எக்செலுக்கோ நிரலுக்கோ எடுத்துப்போக முடிகிறதா, இல்லை திரையைப் பார்த்துக் கையால் எழுத வேண்டுமா.

## ஒரு சோதனைக் கணக்கு

நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காட்டுப்பள்ளியில் இருக்கும் மீஞ்சூர் கடல்நீர் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது, அதன் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். அதாவது நொடிக்கு சுமார் 1.157 கன மீட்டர். இவ்வளவு தண்ணீரையும் ஒரே குழாயில் அனுப்புவதாகவும், ஒரு கிலோமீட்டருக்கு 3 மீட்டர் உயர இழப்பு வரை பரவாயில்லை என்றும் நாமாக வைத்துக்கொண்டால், குழாயின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்? குழாயின் உராய்வால் வரும் இழப்பைச் சொல்லும் டார்சி–வைஸ்பாக் சூத்திரம் இது:

இழப்பு = 8 × உராய்வுக் காரணி × நீளம் × ஓட்டம்² ÷ (பை² × ஈர்ப்பு முடுக்கம் × விட்டம்⁵)

விட்டத்தைத் தனியாக எடுத்தால் ஐந்தாம் படிமூலம் வரும். உராய்வுக் காரணி 0.02 என்று போட்டால் விட்டம் ஏறக்குறைய 0.94 மீட்டர். கையால் போட்டாலும் இரண்டு வரிதான். ஆனால் இதையே மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு விடைக்குப் பதில் ஐந்து விடைகள் வந்து நிற்கலாம், அதில் நான்கு கற்பனைப் பகுதி கலந்த கலப்பெண்கள். மென்பொருள் மேல் தப்பில்லை, ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஐந்து மூலங்கள் உண்டு. விட்டம் என்றால் நேர் எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அதை அதனிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

## மேக்ஸிமா

1968 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கிய மேக்சிமா என்ற பழைய மென்பொருளின் வாரிசு இது. உச்சரிப்பில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பழையதை மேக்சிமா என்றும் இப்போதையதை மேக்ஸிமா என்றும் எழுதுகிறேன். வில்லியம் ஷெல்டர் என்ற பேராசிரியர் 1982 முதல் ஒரு பிரதியைப் பராமரித்து, 1998இல் அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கினார். அதனால்தான் இன்று நீங்களும் நானும் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிகிறது. மெனுக்களோடு வருகிற முகப்புக்கு டபிள்யூஎக்ஸ்மேக்ஸிமா என்று பெயர், அதையே போடுங்கள். பழைய லேப்டாப்பில் ஓடும், நெட் வேண்டாம், ஆண்ட்ராய்டு போனுக்கும் ஒரு பதிப்பு இருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த குணம், சந்தேகம் வந்தால் கேட்கும். ஒரு தொகையிடலில் தெரியாத எழுத்து ஒன்று இருந்தால் "இது நேர் எண்ணா, எதிர் எண்ணா, பூஜ்யமா?" என்று நின்று கேட்கும், பதில் தந்தால்தான் நகரும். பிள்ளைகள் முதலில் எரிச்சல்படுவார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யோசிக்கும்போதுதான் அந்த எழுத்து உண்மையில் எதைக் குறிக்கிறது என்று பலருக்கு உறைக்கிறது.

எழுத்துக்கூட்டிலும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கற்பனை எண் ஐ, இயற்கை மடக்கையின் அடி ஈ, வட்டத்தின் பை ஆகியவற்றுக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும். ஆகவே மின்சாரக் கணக்கில் மின்னோட்டத்துக்கு ஐ என்று தைரியமாக எழுதலாம், கற்பனை எண்ணாக எடுத்துக்கொள்ளாது.

மறைமுகச் செலவுகளும் இருக்கின்றன. சமக்குறி சமன்பாட்டுக்கு, பெயருக்கு மதிப்பு கொடுக்க முக்காற்புள்ளி, இது பழக வேண்டும். வர்க்கமூலம் உள்ள சமன்பாடுகளில் இதன் சால்வ் பலவீனமானது: எக்ஸ் = √(எக்ஸ் + 2) என்று கொடுத்தால் அதே சமன்பாட்டைத் திருப்பி உங்களிடமே நீட்டும். அதற்கென்று டு பாலி சால்வ் என்ற துணைத்தொகுப்பைத் தனியாக ஏற்ற வேண்டும். நம் குழாய்க் கணக்கில் ஐந்து மூலங்களையும் வரிசையாக அடுக்கும், நேர் எண் எது என்று நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

## சிம்பை

இது தனி மென்பொருள் இல்லை, பைதான் என்ற நிரல் மொழிக்கான ஒரு நூலகம், அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு. இலவசம், உரிமச் சிக்கல் இல்லை, லேப்டாப்பில் நிறுவலாம். லேப்டாப் இல்லையென்றால் போன் பிரவுசரில் கூகுள் கோலாபைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே நிறுவப்பட்டே இருக்கிறது, நெட் மட்டும் வேண்டும்.

இதன் பலம், மாறியை அறிமுகப்படுத்தும்போதே அதன் குணத்தைச் சொல்லிவிடலாம். விட்டம் ஒரு நேர் எண் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் நம் குழாய்க் கணக்கில் கற்பனை மூலங்கள் உதிர்ந்து வேண்டியது மட்டும் நிற்கும். எக்ஸ்² இன் வர்க்கமூலம் என்ன என்று கேளுங்கள்: ஒன்றும் சொல்லாமல் விட்டால் அப்படியே வைத்திருக்கும், மெய்யெண் என்றால் மட்டு மதிப்பு தரும், நேர் எண் என்றால் எக்ஸ் என்று தரும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மட்டு மதிப்பை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அதே பலம் திரும்பிக் கடிக்கும். நேர் எண் என்று சொல்லிவிட்டு, விடை எதிர் எண்ணாக இருக்கிற சமன்பாட்டைக் கொடுத்தால், வெற்றுப் பட்டியல் வரும். எந்த எச்சரிக்கையும் வராது. "தீர்வே இல்லைன்னு வருதுண்ணா" என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, மாறியை எப்படி அறிவித்தாய் என்றுதான்.

பைதானோடு வரும் சிக்கல்களும் உண்டு. ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதினால் 0.5 என்ற தசமமாக மாறிவிடும், அப்புறம் விடை முழுக்க நீளநீளமான தசமங்கள். பின்னமாகவே இருக்க வேண்டுமென்றால் ரேஷனல் என்று சொல்லி எழுத வேண்டும். படிக்கு இரண்டு நட்சத்திரக் குறி, கூரைக் குறி போட்டால் அது வேறு கட்டளை. சமன்பாட்டைச் சமக்குறி போட்டு எழுத முடியாது, ஈக்யூ என்ற சொல்லால் இரு பக்கங்களையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பைதான் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது ஒரு மாலை நேர வேலை. தெரியாதவருக்கு முதலில் பைதான், பிறகு சிம்பை என்று இரண்டு படிகள், அதற்குள் புராஜெக்ட் ரிவ்யூ வந்துவிடும்.

வெளியே எடுத்துப்போவதில் இதை அடிக்க ஆளில்லை. கிடைத்த சூத்திரத்தை லாம்ப்டிஃபை என்ற ஒரே கட்டளையில் எண்களைப் போடக்கூடிய செயற்கூறாக மாற்றி, ஆயிரம் மதிப்புகளுக்கு ஓட்டி, வரைபடமே போடலாம்.

## ஜியோஜீப்ரா

மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கியது. நிறையப் பேர் இதை வரைபடம் போட மட்டும் என்று நினைக்கிறார்கள். உள்ளே கியாக் என்ற இயற்கணித இயந்திரம் ஓடுகிறது, போனுக்கே தனியாக ஒரு காஸ் (இயற்கணித மென்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) கால்குலேட்டர் செயலி இருக்கிறது. கையில் போன் மட்டும் உள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சால்வ் என்று கொடுத்தால் மெய்த் தீர்வுகளை மட்டும் தேடும், கற்பனையும் வேண்டுமென்றால் சிசால்வ். பதினொன்று, பன்னிரண்டு, பாலிடெக்னிக் அளவுக்கு இது ரொம்பச் சரியான ஏற்பாடு. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் ஒலியோடு பாடங்களும் கிடைக்கின்றன. பெரிய எழுத்துச் சூத்திரங்களில், அதாவது ஏழெட்டு எழுத்துகள் கலந்த சமன்பாட்டில், இது திணறும். வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் இலவசம், கம்பெனி வேலைக்கு என்றால் உரிமத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வோல்ஃப்ராம் ஆல்ஃபா

2009இல் வந்தது. எதையும் நிறுவ வேண்டாம், ஆங்கிலத்தில் அரைகுறையாகத் தட்டினாலும் புரிந்துகொள்ளும், தான் எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் மேலேயே எழுதிக் காட்டும். அந்த வரியைப் படிக்காமல் விடைக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். நெட் இல்லையென்றால் இது இல்லை. விடை இலவசம், படிப்படியான வழிமுறை முழுதாக வேண்டுமென்றால் பணம், பிள்ளைகளுக்கு வேண்டியதோ அந்த வழிமுறைதான். கையால் போட்டதைச் சரிபார்க்க மிக நல்லது. புராஜெக்டை இதன் மேல் கட்ட வேண்டாம்.

## மேத்தமேட்டிகா, மேப்பிள், மேட்லாப்

இவை மூன்றும் பணம் கொடுத்து வாங்குகிறவை. கல்லூரி வாங்கித் தந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், சொந்தக் காசில் வேண்டாம். மேத்தமேட்டிகாவில் ரெட்யூஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டை எழுத்துகளோடு கொடுத்தால், முதல் கெழு பூஜ்யமாக இருந்தால் என்ன, இரண்டாவதும் பூஜ்யமாக இருந்தால் என்ன என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக விடை எழுதித் தரும். மற்ற மென்பொருள்களின் சால்வ், ஏன் மேத்தமேட்டிகாவின் சால்வே கூட, முதல் கெழு பூஜ்யமில்லை என்று தானாகவே வைத்துக்கொண்டு இரண்டு மூலங்களை நீட்டிவிடும். நான் தேடுகிற குணம் முழுமையாக இருப்பது ரெட்யூஸில்தான், இதை மனதாரச் சொல்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராஸ்பெர்ரி பை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: அந்தக் குட்டிக் கணினிக்கு 2013 முதல் மேத்தமேட்டிகா வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். வேகம் குறைவுதான், ஆனால் நிஜ மேத்தமேட்டிகா.

மேட்லாபில் ஏமாற வாய்ப்பு அதிகம். எழுத்துகளோடு இயற்கணிதம் செய்ய சிம்பாலிக் மேத் டூல்பாக்ஸ் என்ற தனித் தொகுப்பு வேண்டும், அதற்குத் தனி உரிமம். லேபில் மேட்லாப் இருக்கிறது என்று நம்பிப் போய், அந்தத் தொகுப்பு இல்லாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. முதலில் அதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். படிப்பு முடிந்து கல்லூரி மின்னஞ்சல் நின்றதும் உரிமமும் நின்றுவிடும், எழுதி வைத்த கோப்புகள் மட்டும் கையில் மிஞ்சும்.

## ஒரே பார்வையில்

| | விலை | நெட் இல்லாமல் | போனில் | அனுமானம் |
|---|---|---|---|---|
| மேக்ஸிமா | இலவசம் | ஓடும் | ஆண்ட்ராய்டில் உண்டு | தொகையிடலில் கேட்கும். மூலங்களை நீங்கள் பொறுக்க வேண்டும் |
| சிம்பை | இலவசம் | லேப்டாப்பில் ஓடும் | பிரவுசர் வழியாக | நீங்கள் முன்பே சொல்ல வேண்டும் |
| ஜியோஜீப்ரா | வணிகமல்லாததற்கு இலவசம் | செயலி ஓடும் | நன்றாக | மெய்யெண் என்று எடுத்துக்கொள்ளும் |
| வோல்ஃப்ராம் ஆல்ஃபா | விடை இலவசம், வழிமுறைக்குப் பணம் | முடியாது | நெட் இருந்தால் | மேலே எழுதிக் காட்டும் |
| மேத்தமேட்டிகா | விலை அதிகம் | ஓடும் | இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் | ரெட்யூஸ் எல்லா நிலையையும் பிரிக்கும் |

## எதை எடுத்தாலும் காத்திருக்கும் பள்ளங்கள்

முப்படிச் சமன்பாடு. எக்ஸ்³ − 3எக்ஸ் + 1 = 0 என்பதை எடுங்கள். இதற்கு மூன்று மெய்த் தீர்வுகள்: சுமார் 1.532, 0.347, −1.879. ஆனால் மேக்ஸிமாவிலோ சிம்பையிலோ சூத்திரமாகக் கேட்டால் மூன்றிலும் கற்பனை எண் நுழைந்திருக்கும். பயப்பட வேண்டாம், கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கெழுக்கள் விகிதமுறு எண்களாகவும், மூன்று மூலங்களும் மெய்யான, விகிதமுறா எண்களாகவும் இருக்கும் முப்படிச் சமன்பாட்டில் மூலங்களை மெய்யெண் படிமூலங்களை மட்டும் வைத்து எழுதவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். கெமிக்கல் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாயுவின் அழுத்தம், கன அளவு, வெப்பநிலையை இணைக்கும் வான் டெர் வால்ஸ் சமன்பாட்டில் கன அளவைத் தனியாக எடுக்கப் போனால் முப்படிதான் வரும். மூன்று மெய்மூலங்கள் வருகிற வெப்பநிலையில் சின்னது திரவத்துக்கு, பெரியது ஆவிக்கு, நடுவில் உள்ளது இயற்பியலில் எதற்கும் இல்லை. இந்த இடத்தில் சூத்திரத்தை விட்டுவிட்டு எண்ணாகவே கேட்பது நல்லது.

ஐந்தாம் படியில் கதை இன்னும் கறார். எக்ஸ்⁵ − எக்ஸ் − 1 = 0 என்பதற்குப் படிமூலங்களால் ஆன சூத்திரம் கிடையாது, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதைத் தர முடியாது. எண்ணாகக் கேட்டால் 1.1673 என்று உடனே வரும். கொசைன் எக்ஸ் = எக்ஸ் என்பதும் அப்படித்தான், விடை 0.739. நம் குழாய்க் கணக்கிலும் உண்மையில் உராய்வுக் காரணி விட்டத்தைப் பொறுத்து மாறும், அந்தக் காரணியைக் கணக்கிடும் கோல்புரூக் சமன்பாட்டைச் சேர்த்துவிட்டால் விட்டத்துக்குச் சுத்தமான சூத்திரம் வராது. மென்பொருள் கைவிரித்தால் அது மோசமான மென்பொருள் என்று அர்த்தமில்லை, எண் முறைக்குப் போக வேண்டிய நேரம்.

எழுத்துப் பொறி. சிம்பையில் பெரிய ஐ கற்பனை எண், பெரிய ஈ இயற்கை மடக்கையின் அடி. மேத்தமேட்டிகாவில் பெரிய டி வகையிடல் கட்டளை, ஆகவே விட்டத்துக்கு அந்த எழுத்தைப் போட்டால் கணக்கு கோணலாகிவிடும். மின்னோட்டத்துக்கும் விட்டத்துக்கும் ஒற்றை எழுத்துக்குப் பதில் இரண்டு மூன்று எழுத்துப் பெயராக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, எக்ஸை எக்ஸால் வகுத்தால் ஒன்று என்று எல்லா மென்பொருளும் சத்தமில்லாமல் சுருக்கிவிடும், எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாமே என்று யோசிக்காது.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். எந்தக் கட்டளையை எழுதுவது என்று கேட்க நல்ல துணை. விடையை மட்டும் அதன் வார்த்தையை நம்பி எடுக்காதீர்கள், அழகான படிகளோடு தப்பாகவும் சொல்லும். எங்கிருந்து வந்த விடையாக இருந்தாலும் மூல சமன்பாட்டில் திருப்பிப் போட்டு இரு பக்கமும் சமமா என்று பாருங்கள்.

## சரி, யாருக்கு எது

போன் மட்டும் இருக்கிறதா, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முதல் ஆண்டா: ஜியோஜீப்ரா. அதற்கு மேல் இப்போதைக்குத் தேவையில்லை.

டிப்ளமோ, பி.ஈ. படித்துக்கொண்டு பைதான் பக்கம் போகும் எண்ணம் இல்லை, லேப்டாப் பழசு, எழுத்துச் சூத்திரம் நிறைய வருகிறது என்றால் மேக்ஸிமா. குறிப்பாக எலெக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்கு. பைதான் தெரியும், அல்லது வேலைக்காக எப்படியும் கற்கப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிம்பை, கற்கிற நேரம் வேறு இடத்திலும் பலன் தரும். கல்லூரி லேபில் மேத்தமேட்டிகா இருந்தால் அங்கே உட்கார்ந்து ரெட்யூஸ் மட்டுமாவது பழகுங்கள், எழுத்துக் கெழுக்களுள்ள சமன்பாட்டில் எத்தனை தனி நிலைகள் ஒளிந்திருக்கின்றன என்று அது காட்டிக்கொடுக்கும்.

கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே உங்கள் கால்குலேட்டரே உள்ளே வராது, திரையில் வரும் மெய்நிகர் கால்குலேட்டர்தான், அதில் சால்வ் கிடையாது. சூத்திரத்தை மாற்றி எழுதுவதை அதற்கு முன்பே கையால் பழகியிருக்க வேண்டும், மென்பொருளை நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.